மொறிஸ் மைனரில் டிஃபரன்ஷியல் மாற்றிய பிறகு ஸ்பீடோமீற்றரைச் சரிசெய்வது எப்படி?

1956 முதல் 1962 வரை வந்த மொறிஸ் மைனர் 1000 காரில் 948 சிசி எஞ்சின் இருந்தது. டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. இந்தக் காரில் அதன் விகிதம் 4.55, அதாவது சில்லு ஒரு தரம் சுற்ற ஷாஃப்ட் 4.55 தரம் சுற்றும். 1962 இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது விகிதம் 4.22 ஆனது. பிந்தியதைக் கழற்றி முந்திய காரில் அப்படியே பூட்டலாம். நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் கத்தாது என்பதால், என் பழைய 948 க்கும் உடைத்த காரொன்றின் 4.22 ஐத்தான் போட்டேன். டிஃபரன்ஷியல் மாற்றும் வேலையை இங்கே விளக்கவில்லை. அதை முடித்தவுடன் மீற்றர் பிழையாகக் காட்டத் தொடங்கும். அதைச் சரிசெய்வது பற்றித்தான் இந்தப் பதிவு.

பிழை ஏன் வருகிறது, எவ்வளவு வருகிறது

மீற்றர் கேபிள் சில்லிலிருந்து வரவில்லை, கியர்பொக்ஸின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே அது எண்ணுவது, கியர்பொக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சுற்றுகளை. 4.55 இல் 9 பல்லும் 41 பல்லும், 4.22 இல் 9 பல்லும் 38 பல்லும் இருக்கின்றன. சில்லு ஒரே தூரம் ஓடினாலும் ஷாஃப்ட் இப்போது குறைவாகச் சுற்றுகிறது. மீற்றர் குறைத்துக் காட்டுகிறது.

41 ஐ 38 ஆல் வகுத்தால் 1.079. ஊசி 43 மைலில் நிற்கும்போது நீங்கள் ஓடுவது 46 மைலுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 75 கிலோமீற்றர். இலங்கையில் ஊருக்கு வெளியே வேக எல்லை 70 கிலோமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். 1968 க்குப் பிந்திய எம்ஜி மிட்ஜெட்டின் 3.9 ஐப் போட்டவர்களுக்கு இன்னும் மோசம்: ஊசி 60 மைல் காட்டும்போது கார் 70 மைலில் போகும். கூடுதலாகக் காட்டும் மீற்றரோடு சமாளிக்கலாம். குறைத்துக் காட்டுவதை அப்படியே விடக்கூடாது.

மைல் எண்ணிக்கையும் இதே அளவு குறையும். 100 மைல் ஓடினால் 93 தான் ஏறும். டிஃபரன்ஷியல் மாற்றியபின் பெற்றோல் கூடக் குடிக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோல் கூடவில்லை, எண்ணிய மைல்தான் குறைந்திருக்கிறது.

முதலில் கேபிளைப் பாருங்கள்

ஊசி ஆடுகிறதென்றால் அது டிஃபரன்ஷியலால் அல்ல. கேபிள் காய்ந்திருக்கும், அல்லது எங்காவது மடிந்திருக்கும். மீற்றருக்குப் பின்னால் கையை விட்டு நட்டைக் கழற்றி, உள்கம்பியை உருவி, துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் பூசிப் போடுங்கள். மேல் முனையில் ஒரு சாண் அளவுக்குக் கிரீஸ் வேண்டாம். கம்பி சுழலச் சுழலக் கிரீஸ் மேலே ஏறி மீற்றருக்குள் போய்விடும். பிறகு ஊசி ஒட்டிக்கொண்டு வராது. கேபிள் வளையும் இடங்களில் வளைவு ஆறு அங்குல ஆரத்துக்குக் குறையக்கூடாது.

டயலில் உள்ள சின்ன எண்

ஸ்மித்ஸ் மீற்றரின் முகத்தில், கீழ்ப்பக்கமாக, SN என்று தொடங்கும் இலக்கத்தோடு பொடி எழுத்தில் ஒரு நான்கு இலக்க எண் தனியாக இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை தரம் சுற்ற வேண்டும் என்பது அது. சில டயல்களில் அழுக்கு மூடியிருக்கும், டோர்ச் அடித்துப் பாருங்கள். இந்த வேலை முழுவதும் இந்த எண்ணில்தான் நிற்கிறது. விளக்கத்துக்காக இங்கே 1500 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் டயலில் உள்ளதை நீங்கள் எடுங்கள்.

கேபிள் உண்மையில் எத்தனை சுற்று சுற்றுகிறது?

41/38 என்று தெரிந்தபின் எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அறுபது வருடத்துக்கு மேல் ஓடிய காரில் எது ஒறிஜினல், எது இடையில் மாற்றியது என்று யாருக்குத் தெரியும்? மீற்றரே வேறு காரிலிருந்து வந்திருக்கலாம். ரயரும் அப்படித்தான். 5.20-14 ரயர் கிடைக்காமல் 145 அல்லது 155 ரேடியல் போட்டிருப்போம். அவற்றின் சுற்றளவு வேறு. கணக்குப் போட்டு வரும் விடை, கார் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்குத்தான் சரி. காரை அளந்தால் இன்றைக்கு உள்ளது வரும்.

ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு 16.09 மீற்றர். சமமான சீமெந்துத் தரையிலோ ஒழுங்கையிலோ அந்தத் தூரத்தை நாடாவால் அளந்து, இரண்டு பக்கமும் சொக்கால் கோடு போடுங்கள். ரயருக்குச் சரியான காற்று இருக்க வேண்டும். ஓட்டும்போது எத்தனை பேர் இருப்பார்களோ அந்தப் பாரம் காருக்குள் இருந்தால் நல்லது.

கேபிளை மீற்றரிலிருந்து கழற்றி முனையை வெளியே எடுங்கள். உள்கம்பியின் சதுர முனையில் மட்டையில் வெட்டிய சிறிய அம்பு ஒன்றைக் குத்தி, அம்பு எதை நோக்கி நிற்கிறது என்று கேபிளின் உறையில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கியர் நியூட்ரலில். ஒருவர் உள்ளே இருந்து எண்ண, இருவர் மெதுவாகத் தள்ள வேண்டும்.

பிழை அதிகம் வருவது இந்தக் கட்டத்தில்தான், ஆகவே ஆறுதலாகச் செய்யுங்கள். காரைக் கோட்டில் நிறுத்திவிட்டு அங்கிருந்தே எண்ணத் தொடங்கினால் கணக்குப் பிசகும். டிஃபரன்ஷியல் பற்களில் ஒரு தளர்வு, ஷாஃப்ட் மூட்டில் ஒரு தளர்வு, நீளக் கம்பியின் முறுக்கில் ஒரு தளர்வு. இவை எல்லாம் இறுகும் வரை சில்லு உருண்டாலும் அம்பு அசையாது. ஒரு மீற்றர் முன்னாலிருந்து தள்ளி வாருங்கள், முன் சில்லின் நடு கோட்டைத் தொடும்போது அம்பின் நிலையைக் குறித்துக்கொண்டு எண்ணுங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் பின்னுக்கு உருட்டிச் சரிசெய்ய வேண்டாம், தளர்வு மறுபடி வந்துவிடும். ஆரம்பத்திலிருந்து வாருங்கள். கடைசிச் சுற்றின் பின்னத்தையும் விடக்கூடாது. 13 சுற்றும் முக்காலுக்குக் கொஞ்சம் மேலும் என்றால் 13.9 என்று எழுதுங்கள். பத்தில் ஒரு சுற்றுப் பிசகினால் மைலுக்குப் பத்துச் சுற்றுப் பிசகும். ஒழுங்கை நீளமாக இருந்தால் 32.19 மீற்றர் தள்ளி 50 ஆல் பெருக்குவதை நான் விரும்புவேன், பிசகு அரைவாசியாகும்.

13.9 ஐ நூறால் பெருக்கினால் 1390. டயல் 1500 கேட்கிறது, கார் 1390 கொடுக்கிறது. 1500 ஐ 1390 ஆல் வகுத்தால் 1.079, பல் கணக்கில் வந்த அதே எண். இரண்டும் ஒத்து வராவிட்டால் உங்கள் ரயரோ மீற்றரோ ஒறிஜினல் இல்லை. அப்போதும் அளந்ததையே நம்புங்கள்.

நாடா இல்லாதவர்களுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. பின் சில்லு ஆறு சுற்று உருளும் வரை காரைத் தள்ளி, கேபிளின் சுற்றை எண்ணி, 1680 ஆல் பெருக்கி, சில்லின் நடுவிலிருந்து நிலம் வரையான உயரத்தால் அங்குலத்தில் வகுக்க வேண்டும். நாடாவில் அளப்பதுதான் எனக்குப் பிடித்தது. உயரத்தில் கால் அங்குலம் பிசகினாலே விடை மாறும்.

தள்ள ஆள் இல்லை என்று ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் தூக்கிச் சுற்றி அளக்க வேண்டாம். மற்றச் சில்லு அசையாமல் நிற்பதால் டிஃபரன்ஷியல் வழியாக ஷாஃப்ட் அரைவாசிதான் சுற்றும். 1390 க்குப் பதில் 695 வரும்.

எப்படித் திருத்துவது?

ஊசியைக் கழற்றிக் கொஞ்சம் நகர்த்திப் பூட்டினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். பிழை வேகத்தோடு வளர்கிறது: 20 இல் ஒன்றரை மைல், 60 இல் நாலேமுக்கால் மைல். நகர்த்திய ஊசி ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் சரியாக இருக்கும், கார் நிற்கும்போதும் பூச்சியத்துக்கு வராது.

மீற்றரைத் திறந்து அளவைத் திருத்திக் கொடுக்கும் கருவி வல்லுநர்கள் இருக்கிறார்கள். உள்ளே கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது, அது ஒரு அலுமினியக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கிறது, மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்துகிறது. காந்தத்தின் பலத்தை மாற்றி ஊசியைச் சரிப்படுத்தலாம். ஆனால் மைல் எண்ணிக்கை பல்சக்கரத்தில் ஓடுவது, காந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கொடுக்கும்போது மைல் சக்கரத்தையும் மாற்றுவார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

அளந்த எண்ணுக்குக் கிட்டிய எண் உள்ள மீற்றர் கிடைத்தால் அதுதான் மலிவு. 4.22 போட்டவர்கள் 1098 காரின் மீற்றரைத் தேடலாம். முகத்தின் நிறம் வேறாக இருக்கலாம். விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு டயலின் சின்ன எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

என் விருப்பம் விகிதப் பெட்டி. கியர்பொக்ஸுக்கும் கேபிளுக்கும் நடுவில் பூட்டும் கைப்பிடி அளவுப் பித்தளைப் பெட்டி, உள்ளே பல்சக்கரங்கள். ஊசியும் மைலும் ஒன்றாகத் திருந்தும். ஒறிஜினல் மீற்றரில் கை வைக்கத் தேவையில்லை, நாளைக்கு 4.55 ஐத் திரும்பப் போட்டால் கழற்றிவிடலாம். இங்கே கடையில் கிடைக்காது, இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்க வேண்டும்.

ஓடர் கொடுக்கும்போது கவனம். விகிதத்தை மட்டும் எழுதினால் 1.08 ஐ யாராவது தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்த பெட்டி கேபிளை இன்னும் மெதுவாக்கும், பிழை இரட்டிப்பாகும். "டயல் 1500, கேபிள் 1390, பெட்டி கேபிளை வேகமாக்க வேண்டும்" என்று முழு வசனமாக எழுதுங்கள். சுழலும் திசை மாறக்கூடாது என்பதையும் சேருங்கள். திசை மாறினால் ஊசி பூச்சியத்தை விட்டு எழும்பாது.

பெட்டி வந்ததும் கேபிளைப் பூட்டுமுன் முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு பூட்டி, வளைவு இறுகாமல் கேபிளை விட்டு, நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலியை மைலில் வையுங்கள். ஆனையிறவுப் பக்கம் ஏ9 நேராகவும் மட்டமாகவும் இருக்கிறது, இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல வீதி வேண்டாம். 30 இலும் 40 இலும் வேகத்தைச் சற்று நேரம் மாற்றாமல் பிடியுங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். மைல் எண்ணிக்கைக்குக் கிலோமீற்றர் கற்கள் போதும்: பத்து மைல் ஏறும்போது 16 கற்களும் இன்னும் 90 மீற்றரும் கடந்திருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: மின்சாரத்தில் இயங்கும் திருத்தப் பெட்டி பூட்டலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். பூட்டலாம், ஆனால் மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் இரும்பு உடலோடு இணைந்திருக்கிறது. இப்போதைய பெட்டிகள் நெகற்றிவ் இணைப்புக்குச் செய்தவை, வயரை நிறம் பார்த்துக் கொடுத்தால் பெட்டி எரிந்துவிடும். உங்கள் காரை இடையில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பற்றரியில் பார்த்த பிறகு வாங்குங்கள். ஒறிஜினல் இணைப்பிலேயே இருந்தால் பல்சக்கரப் பெட்டியே போதும்.

இன்னொன்று: ரயர் மாற்றும் யோசனை இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு அளந்து பெட்டிக்கு ஓடர் கொடுங்கள்.