தையல் பயிற்சியால் வருமானம் கூடியதா? கணக்கெடுத்துப் பார்ப்பது எப்படி

சென்னைக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில், நான் வேலை பார்த்த அறக்கட்டளை பெண்களுக்கு ஆறு மாதத் தையல் பயிற்சியும் கடைசியில் ஆளுக்கொரு மெஷினும் கொடுத்தது. பணம் கொடுத்தவர்கள் "பலன் என்ன?" என்று கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கை தப்பு. எங்கே தவறினேன் என்பதைச் சொன்னால், இதே மாதிரி ஒரு திட்டத்தை மதிப்பிட உட்காருபவர்களுக்குப் பயன்படும். எக்செலில் சராசரி எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதை அளப்பது

"வாழ்வாதாரம் மேம்பட்டதா?" என்று படிவத்தில் போடாதீர்கள். எல்லோரும் "ஆமாம்" என்பார்கள், மெஷின் கொடுத்தவர் முன்னால் வேறென்ன சொல்வது? வீட்டுக்குள் வந்த பணம், தண்டல் (தினமும் வசூலிக்கும் வட்டிக் கடன்) பாக்கி, அடகில் இருக்கும் நகை. இந்த மூன்றும் போதும்.

படி 2: எப்படிக் கேட்பது

மாத வருமானம் கேட்டால் பதில் வராது. ஒரு அக்கா என்னிடமே கேட்டார்: "மாசம் எவ்ளோன்னு எப்டிம்மா சொல்றது? ஆடில ஒரு ஜாக்கெட்டு கூட வரல. தீபாவளின்னா நைட்டு ரெண்டு மணி வரைக்கும் மெஷின்தான்."

"சரிக்கா, ஒன்பதாயிரம்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். அவர் சொன்னதுதான் மொத்த விஷயமும் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது இப்படிக் கேட்கிறேன்: போன வாரம் எத்தனை ஜாக்கெட்? ஒன்றுக்குக் கூலி எவ்வளவு? நூல், ஊக்கு, லைனிங் துணி யார் செலவு? வீட்டில் மற்றவர்கள் போன வாரம் கொண்டுவந்தது எவ்வளவு? நான்கால் பெருக்கி மாதமாக்குவது உங்கள் வேலை. அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

படி 3: யாரோடு ஒப்பிடுவது

நான் சறுக்கிய இடம் இதுதான். முதல் கணக்கெடுப்பு 2023 ஆகஸ்ட் முதல் வாரம். இரண்டாவது, 2024 அக்டோபர் நடுவில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. புரிவதற்காக வட்டமான தொகைகளில் சொல்கிறேன்: பயிற்சி பெற்ற வீடுகளில் மாத வருமானம் 6,000 ரூபாயிலிருந்து 9,500 ஆகியிருந்தது. "3,500 ரூபாய் உயர்வு" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

இடையில் என்ன நடந்தது? 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், பெரும்பாலான வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கும் எங்கள் தையல் மெஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போதாததற்கு தீபாவளி போனஸ், பண்டிகைக் கால ஓவர்டைம். எல்லாவற்றையும் எங்கள் திட்டத்தின் பெயரில் வரவு வைத்துவிட்டேன்.

இதற்கு மருந்து, பயிற்சி பெறாத ஒரு கூட்டத்தையும் அதே இரண்டு தடவை கணக்கெடுப்பது. பக்கத்து வீட்டில் சும்மா இருப்பவரைப் பிடிக்காதீர்கள். விண்ணப்பம் போட்டவருக்கு ஏதோ ஒரு முனைப்பு இருக்கிறது, போடாதவருக்குக் கைக்குழந்தையோ வேறு வேலையோ இருக்கலாம். நல்ல ஆள் காத்திருப்போர் பட்டியலில்தான் கிடைப்பார்: விண்ணப்பித்து, இடம் நிரம்பியதால் அடுத்த பேட்சுக்குத் தள்ளப்பட்டவர். முதலிலேயே குலுக்கல் போட்டு ஆள் எடுத்திருந்தால் இன்னும் உத்தமம். எங்களிடம் பட்டியல் மட்டும் இருந்தது. நல்ல வேளையாக விண்ணப்பப் படிவத்திலேயே வருமானக் கேள்விகளை வைத்திருந்தோம்.

காத்திருந்தவர்கள் கணக்கு: 5,800-லிருந்து 8,100. அதாவது பயிற்சியே இல்லாமல் 2,300 கூடியிருக்கிறது. 3,500-இல் அதைக் கழித்தால் மிஞ்சுவது 1,200. பயிற்சியின் பங்கு அவ்வளவுதான். திருத்திய அறிக்கையை அனுப்பிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படி 4: பூட்டிய வீடு

இரண்டாம் தடவை போனபோது பல கதவுகள் பூட்டியிருந்தன. "காலி பண்ணிட்டாங்க" என்பார்கள். விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள், போனில் தேடுங்கள்.

ஏன் என்பதற்கு அகமதாபாத்தைப் பாருங்கள். அங்கே 1987-ல் குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் நகரத்துக்கு 12 கிலோமீட்டர் வெளியே வீடு கொடுத்தார்கள். 14 ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தால், வென்றவர்களில் 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை, 32 சதவீதம் பேர் போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள். அந்தக் குடியிருப்பின் கதவுகளை மட்டும் தட்டியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் கிடைத்திருப்பார்கள், அதுவும் அங்கே இருக்கப் பிடித்தவர்கள். போனவர்கள் ஏன் போனார்கள் என்பதில்தான் திட்டத்தின் பாதிக் கதை இருக்கிறது. சொந்தபந்தமும் அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கும் பழைய தெருவும் எட்டாத தூரமாகிவிட்டது.

இன்னொன்று: மேல்மாடி. லிஃப்ட் நின்றுபோன நாளில் கணக்கெடுக்கப் போன எங்கள் பிள்ளைகள் கீழ் இரண்டு மாடியோடு கணக்கை முடித்துவிட்டார்கள். தரைத்தளம் பெரும்பாலும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கியது. சராசரி வருமானம் தானாகக் குறைந்துவிட்டது!

படி 5: கருவி

கோபோ டூல்பாக்ஸ், போனிலேயே கணக்கெடுக்க உதவும் செயலி. இலவசம், சிக்னல் இல்லாத படிக்கட்டிலும் ஓடும், கேள்விகளைத் தமிழில் வைக்கலாம். தொகை கேட்கும் இடத்தை எண் மட்டும் ஏற்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் "ரெண்டாயிரம் இருக்கும்" என்று தட்டிவைப்பார். கணக்குக்கு எக்செல் போதும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆதார் எண் வாங்கவே வேண்டாம். பிளாக் எண்ணும் கதவு எண்ணும் சேர்த்து ஒரு குறியீடு போட்டால் இரண்டு தடவை எடுத்ததையும் பொருத்திவிடலாம்.

பின்சேர்க்கை (செப்டம்பர் 2025)

கருத்துப் பகுதியில் ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார்: "காத்திருப்போரைக் கழித்தால் உரிமைத் தொகை போகும், போனஸ் போகும். தையற்காரரின் தீபாவளி எப்படிப் போகும்? அது தைப்பவருக்கு மட்டும்தானே வரும்?" உண்மை. அந்த 1,200 ரூபாய் ஒரு நல்ல மாதத்தின் 1,200 ரூபாய்.

அதனால் இந்த வருஷம் ஆடியில் இரண்டு கூட்டத்தையும் மறுபடி பார்த்தோம். வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த அக்கா வீட்டில் மெஷின் மேல் பழைய புடவையைப் போர்த்தி, அதன் மேல் அரிசி மூட்டை. ஐடி கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "ஆவணி பொறக்கட்டும், முகூர்த்த ஜாக்கெட்டு வரும், மூட்டைய எறக்கிடுவேன்" என்றார். தீபாவளி எண், ஆடி எண் என்று அறிக்கையில் இப்போது இரண்டு வரி இருக்கிறது.