பிரான்சைஸ் கடையில் வாடிக்கையாளரை இழக்க வைக்கும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் ஒரு பர்கர் அவுட்லெட்டை ஆறு வருடமாக நடத்தி வருகிறேன். பிரான்சைஸ் எடுத்தால் போர்டு, மெனு, மசாலா, யூனிபார்ம் எல்லாம் கம்பெனியே கொடுத்துவிடும். வாங்கிப்போனவர் கோபத்தோடு கவுண்டருக்குத் திரும்பி வரும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பனீர் பர்கர் கேட்ட ஓர் அம்மாவுக்கு சிக்கன் போய்விட்டது. ஒரு வாய் கடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கவுண்டர் பையன் முதலில் கேட்டது, "பில் இருக்கா மேடம்?" பில்லைப் பார்த்தான், டப்பாவைத் திறந்து பார்த்தான், அப்புறம் எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேரும்வரை அவர் கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. அதன்பின் அவர் கடைப் பக்கம் வரவே இல்லை.

பையன் மேல் தப்பில்லை. என்னைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று வைத்திருந்தது நான். இப்போது ஷிப்டில் இருக்கும் யாரும் 500 ரூபாய் வரையிலான பொருளை யாரையும் கேட்காமல் மாற்றிக் கொடுக்கலாம். முதலில் மன்னிப்பு, பிறகு புது பர்கர், பில் எல்லாம் கடைசியில்.

சைவம், அசைவம் மாறுவதை சாஸ் மறந்துபோனதோடு சேர்க்கவே கூடாது. மெக்டொனால்ட்ஸ் 1996-இல் இந்தியாவுக்கு வந்தபோது மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இரண்டையும் விட்டுவிட்டு, சைவத்துக்குச் சமையல் பகுதியையே பிரித்து வைத்தது. நம் கடை சின்னதுதான், ஆனாலும் தனி எண்ணெய், தனி இடுக்கி வைத்தே ஆக வேண்டும். டப்பாவை மூடுபவர், உள்ளே இருக்கும் பர்கரின் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மூட வேண்டும்.

அடுத்தது ஆன்லைன் ஆர்டர். டேப்லெட் கத்தும்போதெல்லாம் கிச்சன் அந்தப் பக்கமே ஓடும். டோக்கனைக் கையில் பிடித்தபடி நிற்பவர், தனக்குப் பின்னால் வந்த பைகள் ஒவ்வொன்றாக டெலிவரி பையன்களிடம் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூட்ட நேரத்தில் ஆப்பில் தயாரிப்பு நேரத்தைக் கூட்டி வையுங்கள். பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றால் பன்னிரண்டு என்றே சொல்லுங்கள். "அஞ்சு நிமிஷம் சார்" என்று மூன்று முறை சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

எண்ணெயில் மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு உருவாகும் போலார் கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பழைய எண்ணெய் வாடைக்கு யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், பேசாமல் கடையை மாற்றிக்கொள்வார்கள்.

இன்னொரு தவறு நானே செய்தது. அல்சூரில் நம் ஆட்கள் அதிகம். தமிழ்க் குரல் கேட்டால் போதும், ஊர் எது, யார் வீடு என்று பேச உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "நமகூ ஹசிவாகுத்தெ" என்றார். எங்களுக்கும் பசிக்கும் என்று அர்த்தம். குரலை உயர்த்தக்கூட இல்லை. அன்றிலிருந்து கவுண்டரில் யார் வந்தாலும் முதல் வார்த்தை கன்னடத்தில்தான்: "ஏனு பேக்கு சார்?" (என்ன வேண்டும் சார்?) ஊர்க் கதையெல்லாம் வரிசை காலியான பிறகு.