இரண்டு பக்கம் விரியும் யாளி: மாயக்கதைப் புத்தகத்துக்குப் படம் போடுவது எப்படி

கைப்பிரதியை இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை பென்சிலைத் தொடவே வேண்டாம். இரண்டாம் முறை உடல் அடையாளங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: வாள் எந்தக் கையில், தழும்பு எந்தக் கன்னத்தில், யாளிக்குத் துதிக்கை உண்டா. இதில் தவறினால் முதலில் பிடிப்பது சிறுவர்கள்தான்.

பிறகு ஒரு நாள் கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம் போய் வாருங்கள். ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பம் இருக்கிறது. ஒரே தலை, இரண்டு உடல். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. இரண்டு உடலும் தனித்தனியே சரியாக இருப்பதால்தான் அந்த வித்தை பலிக்கிறது. உங்கள் யாளி யானைத் தலையும் சிங்க உடலும் கொண்டது என்றால் அதற்கும் இதே சோதனைதான். தலையை மறைத்துப் பார்த்தால் மீதி முழுச் சிங்கமாக நிற்க வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது கழுத்தில். யானைத் தலையின் கனத்தைச் சிங்கத்தின் கழுத்து தாங்காது. ஒட்டவைத்த பொம்மைபோல் தெரியும். கழுத்தைக் குறுக்குங்கள், தோளை அகலமாக்குங்கள், ஒட்டிய இடத்தைப் பிடரிமயிரால் மூடாதீர்கள். அடுத்த சறுக்கல் பின்னங்கால். யானைக்குக் கால் தூண். சிங்கத்துக்கு மடிந்த வில். பின்பக்கம் துருத்துவது முட்டியல்ல, குதிகால். சந்தேகமிருந்தால் திண்ணையில் படுத்திருக்கும் பூனை எழுந்து சோம்பல் முறிக்கும்போது பாருங்கள். இணையத்துப் படங்களைவிட அது நல்ல ஆசிரியர்.

டெல்டாவில் நடக்கும் கதைக்குப் பின்னணியில் மலையும் கோட்டையும் வேண்டாம். தரை தட்டை. யாளியின் உயரம் தெரிய ஆற்றங்கரையில் ஒரு பனைமரம் போதும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள். ஐந்து நிமிடம் நனைத்து, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் விரித்து, நனைத்து ஒட்டும் பழுப்புக் காகித டேப்பால் நான்கு ஓரமும் ஒட்டிப் படுக்கை வாக்கில் காயவிடுங்கள். ஃபேனுக்கு நேரே வைத்தால் ஒரு ஓரம் முந்திக் காய்ந்து டேப்பைக் கிழிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும். அந்த மாதங்களில் மிச்சத் தாளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த தாளில் மை ஊறாமல் தடுக்கும் மேற்பசை செத்துப்போய், மை தொட்டதும் உறிதாள்போல் பரவும். அதைத் திருத்துவது எளிதல்ல.

டெமி அளவுப் புத்தகத்தில் விரிந்த பக்கம் 11 அங்குல அகலம், 8.5 உயரம். அதைவிடக் கால் பங்கு பெரிதாக வரைந்தால் ஏ3 ஸ்கேனருக்குள் அடங்கும். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். நடுக்கோட்டின் இருபுறமும் 10 மில்லிமீட்டருக்குள் கண், முகம் எதுவும் வரக் கூடாது, பைண்டிங் விழுங்கிவிடும். தையல் பைண்டிங் என்றால் 16 பக்கப் பாரத்தின் (ஒரே தாளை மடித்துத் தைக்கும் தொகுதி) நடுவைக் கேட்டு வாங்குங்கள். 8-9, 24-25, 40-41ஆம் பக்கங்கள் அப்படி விழும். அங்கே இரு பக்கமும் ஒரே தாள் என்பதால் துதிக்கை இரண்டாக உடையாது.

வண்ணம் பூசுமுன் மைக்கோட்டை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து தனிக் கறுப்பாக வைத்திருங்கள். கோடு அச்சின் நான்கு மையாகப் (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) பிரிந்தால், அச்சில் துளி விலகினாலும் கோட்டோரம் சிவப்பும் நீலமுமாக நிழலாடும். திரையில் பளிச்சிடும் நாற்றங்கால் பச்சை அச்சில் மங்கும். வழவழப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடிக்கும். இரவுக் காட்சிகளைத் திரையில் சற்று வெளுப்பாகவே விடுங்கள், புத்தகம் அச்சாகும் அதே தாளில் மாதிரி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.