இலை உதிர்ந்ததா, எரிந்ததா? காட்டுத்தீச் சேதத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறண்ட காட்டில் தீ எரிந்த இடத்தைப் படத்தில் பிடிப்பது சுலபம் என்றுதான் தோன்றும். கறுத்த இடமெல்லாம் எரிந்த இடம், அவ்வளவுதானே? ஆனால் இலையுதிர் காடு வறண்ட மாதங்களில் எரியாமலேயே எரிந்தது மாதிரி தெரியும்.

பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு (NIR) ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். இலை போனால் அது குறைந்து, அதைவிட நீண்ட அலைகொண்ட குற்றலை அகச்சிவப்பு (SWIR) கூடும். இந்த இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது என்.பி.ஆர். (NBR) என்ற எரிப்புக் குறியீடு. தீக்கு முந்தைய மதிப்பிலிருந்து பிந்தையதைக் கழித்தால் டி.என்.பி.ஆர். (dNBR). இலை எரிந்து போனாலும் சரி, தானாக உதிர்ந்து போனாலும் சரி, கணக்கு நகர்வது ஒரே திசையில்தான். மேகமில்லாத நல்ல படம் கிடைத்ததே என்று மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த படத்தை ‘முன்’ என்றும், கடும் வறட்சியில் எடுத்ததை ‘பின்’ என்றும் வைத்தால் வரைபடத்தில் காடு முழுக்க எரிந்ததாகச் சிவந்துவிடும். தீக்குச் சில நாள் முந்தைய படமோ, முந்தைய ஆண்டின் அதே வாரத்துப் படமோ வேண்டும். பக்கத்தில் எரியாத அதே வகைக் காட்டின் சராசரி டி.என்.பி.ஆரைக் கழித்துவிடுவது இன்னும் நல்லது.

அதற்காக ‘பின்’ படத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. இலையுதிர் காட்டில் பெரும்பாலும் எரிவது தரையில் கிடக்கும் சருகும் புல்லும். சாம்பலைக் காற்று அடித்துப் போகும், ஒரு மழை பெய்தால் புல் தளிர்த்துவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை வருகிறது, முதலில் கிடைக்கும் தெளிவான படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் பிக்சல் எண்ணோடு 1000 கூட்டப்பட்டு வருகிறது. நாம்தான் அதைக் கழிக்க வேண்டும். அண்மை அகச்சிவப்பு 3000, குற்றலை 1200 என்றால் என்.பி.ஆர். 0.43. கழிக்க மறந்தால் அதே இடம் 4000, 2200 ஆகி 0.29 காட்டும். பழைய படத்தையும் புதிய படத்தையும் அப்படியே ஒப்பிட்டால் 0.14 வித்தியாசம். ஒரு தீக்குச்சிகூட உரசாத காடு ‘லேசாக எரிந்தது’ என்ற வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்! படங்களைத் தரும் சில இணையதளங்கள் இதைத் தாங்களே சரிசெய்து தருகின்றன. அங்கே இன்னொரு முறை கழித்தால் அதுவும் பிழைதான்.

டி.என்.பி.ஆர். மதிப்பை வைத்துச் சேதத்தை வகுப்புகளாகப் பிரிக்கும் எல்லைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 0.1, 0.27, 0.44, 0.66 என்று எங்கும் புழங்கும் எண்கள் அமெரிக்காவில் களத்தில் அளந்து உருவானவை. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் காட்டில், எரிவதற்கு முன்பே என்.பி.ஆர். குறைவாக இருக்கும். எல்லாமே எரிந்தாலும் வித்தியாசம் 0.66-ஐத் தொடாமல் போகலாம்.

செயற்கைக்கோள் வெப்பத்தை உணர்ந்து குறிக்கும் தீப்புள்ளிகளை எண்ணிப் பரப்பளவு சொல்வதும் வேண்டாம். இப்புள்ளிகளைத் தரும் விர்ஸ் (VIIRS) கருவியின் ஒரு பிக்சல் பக்கத்துக்கு 375 மீட்டர், அதாவது சுமார் 14 ஹெக்டேர். அதற்குள் ஒரு மூலை எரிந்தாலும் ஒரு புள்ளிதான். செயற்கைக்கோள் இரண்டு முறை கடந்து போகும் இடைவெளியில் பற்றி அணைந்த தீக்குப் புள்ளியே விழாது.

அப்புறம், ‘துல்லியம் 96 சதவீதம்’ என்று அறிக்கையில் பார்த்தால் உடனே மகிழாதீர்கள். 100 பிக்சலில் 4 மட்டுமே எரிந்திருந்தால், ‘எதுவுமே எரியவில்லை’ என்று சொல்லும் வரைபடத்துக்கும் அதே 96 கிடைக்கும். எரிந்தவற்றில் எத்தனை தவறவிட்டோம், எரியாதவற்றில் எத்தனையை எரிந்ததாகச் சொன்னோம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவது எண் பெரிதாக வந்தால், மலைச்சரிவின் நிழலையும் கரும்பாறையையும் முதலில் போய்ப் பாருங்கள்.