தார் பவுசர் சரிந்தால் வாளியோடு ஓடாதீர்கள்

திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்தே வளர்ந்த நமக்குப் பவுசர் புதிதல்ல. ஆனால் பெற்றோல் பவுசர் வேறு, சூடாக்கிய தாரோ எண்ணெயோ ஏற்றிய பவுசர் வேறு. முக்கோணத்துக்குள் வெப்பமானிப் படம் ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பது கடும் சூட்டுத் திரவம். பவுசரில் உள்ள செம்மஞ்சள் அபாய எண் தகட்டில் 3256 என்றிருந்தால் அது தீப்பற்றும் சூட்டிலேயே பயணம் செய்கிறது. ஒரு பொறி போதும்.

கண்டி வீதியில் அப்படியொன்று கசிந்தால் 50 மீற்றருக்குள் யாரும் நிற்கக்கூடாது. தாங்கியை நெருப்பு சூழ்ந்தால் 800 மீற்றர். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாளென்றால் மேற்குப் பக்கம் ஒதுங்குங்கள், புகை கிழக்கே போகும். கைத்தொலைபேசியில் படம் பிடிக்க நெருங்குகிறவர்களை என்ன சொல்லித் தடுப்பதோ!

வாளித் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. 100 பாகையைத் தாண்டிய தாருக்குள் விழுந்த நீர் நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, தாரை நுரைத்துச் சிதறடிக்கும். ஊற்றியவர் முகத்தில்தான் முதலில் படும்.

தோலில் ஒட்டிய தாருக்கோ தண்ணீரே மருந்து. ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். உரிக்காதீர்கள், மண்ணெண்ணெய் தேய்க்கவே வேண்டாம். ஒட்டியது ஒட்டியபடியே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. பேசும்போது செம்மஞ்சள் தகட்டு எண்ணையும் சொல்லுங்கள், அதை வாசிக்கக் கிட்டப் போகாமல்.