ஊருக்குப் போகும் முன் காரைத் தூங்க விடுங்கள்

நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நார்வேயின் ஆஸ்லோவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தை அறுவடை முடிந்து தெருவெல்லாம் வைக்கோல் வாசனை. என் மின்சாரக் கார் ஆஸ்லோவில் பனிக்குள் நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அது அப்படி நின்றபோது எங்கள் குடும்பம் பட்ட பாடு உங்களுக்கு வரக்கூடாது.

காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வந்ததும் போலீஸ் அலுவலகத்தில் பதிவு, பிறகு வரி அலுவலகத்தில் அடையாளச் சோதனை. அங்கே கிடைக்கும் 11 இலக்க எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அதை வைத்து வங்கிக் கணக்கு, அதை வைத்து பேங்க்ஐடி, அதாவது வங்கி தரும் மின்னணு அடையாளம். பேங்க்ஐடி வரும்வரை வாடகை ஒப்பந்தம்கூட இழுத்தடிக்கும், பொறுமையாக இருங்கள். இந்திய லைசென்ஸ் மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிடுங்கள். பனியில் வழுக்கும்போது வண்டியைப் பிடிப்பதற்கென்றே தனிப் பயிற்சி வைத்திருக்கிறார்கள், அது கட்டாயம். இதெல்லாம் அலுவலகங்களே தெளிவாகச் சொல்லிவிடும். நான் சொல்ல வந்தது அவர்கள் யாரும் சொல்லாத விஷயம்.

நீங்கள் வாங்கப்போகும் கார் அநேகமாக மின்சாரக் கார்தான். 2024இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் 100க்கு 89 மின்சாரக் கார். நல்ல வண்டிகள், தயங்காமல் வாங்குங்கள். ஆனால் நம்மைப் போல வருடத்துக்கு ஒருமுறை ஆறு வாரம், ஏழு வாரம் ஊருக்கு வந்து உட்காருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிற்கும் காரும் மின்சாரம் சாப்பிடும்.

எங்கள் கதை இது. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் போட்டு டிசம்பர் நடுவில் கிளம்பினோம். காரை கார்டர்மோன் விமான நிலையத்தில், நீண்ட நாள் நிறுத்துமிடத்தில் விட்டேன். 80 சதவீதம் சார்ஜ் இருந்தது. 64 யூனிட் பேட்டரி. அப்போது நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தந்த 100 யூனிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நிறைந்தால், ஒரு காருக்குள் அடங்கும். 49 நாளைக்கு இது தாராளம் என்று நினைத்தேன்.

கணக்கு தப்பில்லை. லித்தியம் பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்கு ஓரிரு சதவீதம்தான். அதைச் சுற்றியுள்ள கம்ப்யூட்டர்கள், மோடம், சாவி வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கும் கருவி, இவைதான் மீதியைக் குடிக்கும். நிறுத்தி வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 சதவீதம் குறையும் என்று டெஸ்லா தன் கையேட்டில் சொல்கிறது. காவல் கேமராவை இயக்கி வைத்தால் கதை வேறு. அதில் 200, 250 வாட் வரை இழுக்கும் வண்டிகள் உண்டு. வீட்டில் மூன்று சீலிங் ஃபேன் இரவும் பகலும் ஓடுவதற்குச் சமம், நாளைக்கு 6 யூனிட். டெஸ்லாவில் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அது தானாக அணைந்துவிடும். ஆனால் ஊரிலிருந்து திரும்பி வரும்போது 20 சதவீதத்தோடு, உறைபனியில், வீடு போய்ச் சேர வேண்டும். காலை ஏழு மணிக்கு வண்டியைச் சூடாக்கும் டைமர் போட்டிருப்பீர்கள். நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களிலும் அது யாருமில்லாத வண்டியைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். நான் இவை இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் போனேன்.

என்னைக் கெடுத்தது வேறு.

ஊருக்கு வந்த இரண்டாவது நாள் அப்பா டிராக்டரைக் கொட்டகையில் ஏற்றி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, முனையில் சாக்குத் துணி சுற்றினார். கல்யாண வேலை முடியும்வரை அது ஓடப்போவதில்லை. நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஒயரைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார், "ஒன் வண்டி அங்க நிக்குதே தம்பி, அதுக்குக் கழட்டிட்டியா?"

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. போன்லயே பாத்துக்கலாம்" என்றேன்.

கார் கம்பெனியின் ஆப்பில் பார்த்தேன். காலையில் காபி குடிக்கும்போது பார்த்தேன். சித்தப்பா வந்தார், காட்டினேன். நம் ஊர் நேரத்துக்கும் அங்கத்திய குளிர்கால நேரத்துக்கும் நாலரை மணி வித்தியாசம். இங்கே விடிகாலை ஆறு மணிக்கு அங்கே நடுராத்திரி ஒன்றரை. இந்தத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பனியில் என் கார் எவ்வளவு குளிரில் நிற்கிறது என்று காட்டுவதில் எனக்குப் பெரிய பெருமை. நான் படித்தது, விமானம் ஏறியது, சம்பாதித்தது எல்லாம் அந்தச் சின்னத் திரையில் தெரிவதுபோல் இருந்தது. அத்தை பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள், ஒவ்வொருவருக்காகவும் ரெஃப்ரெஷ் அழுத்தினேன். ஒருநாளில் பதினைந்து இருபது தடவை இருக்கும்.

38ஆவது நாள் ஆப் நின்றுவிட்டது. வண்டியுடன் தொடர்பு இல்லை என்று வந்தது. கடைசியாகக் காட்டியது 71 சதவீதம். நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. திரும்பும்போது அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ராத்திரி பதினொன்றரைக்கு கார்டர்மோனில் இறங்கி, நிறுத்துமிடத்துப் பேருந்து பிடித்து, காரின் முன்னால் போய் நின்றோம். மைனஸ் 17. சாவியை அழுத்தினால் விளக்கில்லை, சத்தமில்லை. சாவிக்குள்ளே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் தேடிக் கண்டுபிடித்தேன். விரல் விறைத்துப் போன நிலையில் பத்து நிமிடம் ஆயிற்று. கதவு திறந்தது, உள்ளே இருட்டு. அம்மா காட்டன் புடவைக்கு மேல் என் மனைவியின் கோட்டைப் போட்டுக்கொண்டு, வடகமும் மாவும் இருந்த பையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பனியில் வைத்தால் நனைந்துவிடுமாம். அவளைத் திரும்ப முனையத்துக்கு அனுப்ப அடுத்த பேருந்து வர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தை நான் மறக்கவில்லை.

அப்பா வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "71 இருக்குன்னியே?"

"பெரிய பேட்டரில இருக்குப்பா. சின்னது ஒண்ணு இருக்கு, அது போயிருச்சு."

இதுதான் விஷயம். உங்கள் மின்சாரக் காருக்குள் இரண்டு பேட்டரி. ஒன்று ஓட்டுவதற்கு, 300, 400 வோல்ட் அல்லது அதற்கும் மேல். மற்றொன்று நம் டிராக்டரில் இருப்பது போன்ற அதே 12 வோல்ட் பேட்டரி, பெரும்பாலும் ஈய அமில வகை. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், மோடம் எல்லாம் இந்தச் சின்னதில் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலே என்ற சுவிட்சுகளை மூடவும் இந்த 12 வோல்ட்தான் வேண்டும். என்னுடையதில் நிறைந்திருந்தால் அரை யூனிட், அவ்வளவுதான் கொள்ளும். அது செத்தால் பெரியதில் எத்தனை யூனிட் இருந்தும் பயனில்லை. சார்ஜர் கேபிளைச் சொருகினாலும் ஏறாது, சார்ஜ் தொடங்குவதற்கும் அந்த ரிலே மூட வேண்டும். மேட்டூரில் 120 அடி தண்ணீர் நின்றாலும் ஷட்டரைத் தூக்க வழியில்லை என்றால் நம் மூணாறு தலைப்பு மதகுக்கு ஒரு சொட்டு வராது.

உதவி வண்டி ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. இறங்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே. நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அப்பாவைத் தன் வேனுக்குள் ஹீட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். நேராக பூஸ்டர் மாட்டி வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பார் என்று நினைத்தேன். டார்ச் அடித்து பேட்டரியின் பக்கவாட்டைப் பார்த்தார், உப்பியிருந்தது. நிறைந்த ஈய பேட்டரி மைனஸ் 50இலும் தாங்கும், காலியானது மைனஸ் 10 சுற்றிலேயே உறைந்துவிடும். உறைந்ததற்கு மின்சாரம் கொடுத்தால் வெடிக்கக்கூடும். கழற்றிவிட்டுப் புதியது போட்டார். உள்ளே "டக்" என்று ரிலே மூடும் சத்தம், திரையில் 69 சதவீதம். பேட்டரிக்கும் ராத்திரிக் கூலிக்கும் சேர்த்து 5,000 குரோனருக்கு மேல் ஆனது.

நான் எத்தனை தடவை ஆப்பில் பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"தம்பி, நீங்கள் தட்டித் தட்டி எழுப்பினால் அது எப்பிடி நித்திரை கொள்ளும்?"

அவர் விளக்கியது இது. பூட்டிய சிறிது நேரத்தில் கார் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகிறது, அப்போது அது இழுப்பது மிகக் கொஞ்சம். ரெஃப்ரெஷ் அழுத்தினால் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக விழித்து, பதில் அனுப்பி, மறுபடி தூங்கப் பல நிமிடங்கள் ஆகும். எங்கள் மாதிரியில் அந்த விழிப்பு முழுக்கச் சின்ன பேட்டரியின் செலவு. தூரத்திலிருந்து ஹீட்டர் போட்டால்கூட ரிலே மூடி, பெரியது சின்னதற்கு ஊட்டும். வெறுமனே எட்டிப் பார்த்தால் ஊட்டாது. இடையிடையே கார் தானே சின்னதை நிரப்பத்தான் செய்யும், ஆனால் கடுங்குளிரில் ஈய பேட்டரியின் கொள்ளளவே ஏறக்குறைய பாதிதான், அந்த நிரப்பல் ஈடுகட்டவில்லை.

மறுநாள் இன்னொன்றும் தெரிந்தது. இங்கே மின்சார விலை மணிக்கு மணி மாறும். விலை குறைந்த மணியில் சார்ஜ் போடுவதற்காக வேறொரு ஆப்பை என் கார் கணக்கோடு இணைத்திருந்தேன். நான் தூங்கும்போதும் அது காரை விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தப் பொறியில்தான் புதிதாக வருகிறவர்கள் விழுவீர்கள், ஏனென்றால் வந்த மாதமே அந்த ஆப்பை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல ஆப்தான். ஊருக்குக் கிளம்பும் முன் அதைக் காரிலிருந்து துண்டித்துவிடுங்கள். போனை மூடினால் போதாது, கணக்கின் இணைப்பையே எடுக்க வேண்டும். டேஷ்கேம் மாட்டியிருந்தால் அதன் பிளக்கையும் பிடுங்குங்கள்.

நம் ஊர்ப் பழக்கங்களில் எது செல்லும், எது செல்லாது என்பதையும் சொல்கிறேன். ஊருக்குப் போகும் முன் தொட்டி, டேங்க் எல்லாவற்றையும் நிரப்பி வைப்பது நம் வழக்கம். இந்த வண்டியை 100 சதவீதத்தில் நிறுத்தாதீர்கள், நிறைந்தபடி வாரக்கணக்கில் நிற்பது லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். 50, 60 போதும். கேபிளைச் சொருகியே வைக்கலாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டெஸ்லா சொருகி வைக்கச் சொல்கிறது. உங்கள் கையேட்டில் நீண்ட நாள் நிறுத்துவது பற்றிய பக்கத்தைப் படியுங்கள்.

அப்பா செய்ததுபோல் 12 வோல்ட் ஒயரைக் கழற்றலாமா? சில கம்பெனிகள் கழற்றச் சொல்கின்றன, சில வேண்டாம் என்கின்றன. கழற்றினால் பின்கதவு திறக்காமல் போகிற மாதிரிகள் இருக்கின்றன, பேட்டரியே பின்பக்கம் இருந்தால் மாட்டிக்கொண்டீர்கள். கையேடு அனுமதித்தால் மட்டும், நெகட்டிவை மட்டும். ஆரஞ்சு நிற ஒயர்களில் கை வைக்கவே வேண்டாம், அவை பெரிய பேட்டரியினுடையவை. இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர் தன் பெட்ரோல் காரை ஸ்டார்ட் பண்ண உங்கள் வண்டியிலிருந்து ஒயர் கேட்டால் கொடுக்காதீர்கள். மின்சாரக் காரின் சின்ன பேட்டரி அந்த இழுப்புக்காகச் செய்ததல்ல.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லி யாரிடமாவது சாவி கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டல்லவா, அதுதான் இங்கே மிக நன்றாகச் செல்லும். ஆனால் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினால் கெடுதல்தான். பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தி, திரையில் "ரெடி" என்று வர வேண்டும். அப்போதுதான் பெரியதிலிருந்து சின்னதற்குப் போகும். அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் காரை விமான நிலையத்தில் விடுவதில்லை. குடியிருப்பு வாசலிலேயே நிற்கிறது. பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், சாவி அவனிடம். ஞாயிற்றுக்கிழமை வந்து முதலில் மல்டிமீட்டரைச் சின்ன பேட்டரியின் முனையில் வைத்து எத்தனை வோல்ட் என்று பார்த்து, பிறகு ரெடியில் போட்டு அரை மணி நேரம் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருப்பான். மீட்டரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவான். ஆப் என் போனில் இல்லை, எடுத்துவிட்டேன்.

இன்றைக்கும் படம் வந்தது. அப்பா உளுந்து வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் தள்ளி வைத்துப் பார்த்தார். "12.6. இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.