எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்: ஷேரிங் பிளேட் உணவகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்தில் புதிதாகத் திறக்கும் உணவகம் எதற்குள் நுழைந்தாலும் இப்போது இதே கதைதான். ஆளுக்கு ஒரு தட்டு என்ற பேச்சே இல்லை. எல்லாம் சின்னச் சின்னத் தட்டுகள், நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு இந்த முறை பிடிக்கும். நண்பர்களோடு போகும்போது இடம் பார்ப்பது, ஆர்டர் சொல்வது எல்லாம் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதனாலேயே, புதிதாக வருகிறவர்கள் நான் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடிவதில்லை. முன்பதிவு செய்யுங்கள், பசியோடு போங்கள் மாதிரியான அறிவுரைகளை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான்.

ஆளுக்கு மூன்று தட்டு என்ற கணக்கை நம்புவது

"ஆளுக்கு இரண்டு மூன்று தட்டு சொன்னால் சரியாக இருக்கும்" என்று சர்வர் சொல்வார். இரண்டு பேருக்கு அது சரி, 5 தட்டு வரும், திருப்தியாகச் சாப்பிடலாம். அதே கணக்கை ஆறு பேருக்குப் போட்டால் 18 தட்டு. டேபிள் தாங்காது என்பது ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு வாய்தான் கிடைக்கும், எதைச் சாப்பிட்டோம் என்பதே மறந்துவிடும். கூட்டம் பெரிதாக இருந்தால் வகையைக் குறைத்து, நன்றாக இருக்கும் என்று தோன்றுவதை இரண்டிரண்டாகச் சொல்லுங்கள். இன்னொன்று, மெனுவின் தொடக்கத்தில் இருக்கும் ஆலிவ் கிண்ணமும் கடைசியில் இருக்கும் முழு மீனும் சர்வரின் கணக்கில் ஒரே 'தட்டு'தான், வயிற்றின் கணக்கு வேறு.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்வது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது. காசு அதிகம் போவதும் இதில்தான்.

உட்கார்ந்து தண்ணீர் வந்ததுமே சர்வர் வந்து நிற்பார். டேபிளில் ஒருவர் மெனுவைக் கையில் எடுத்து, இது ஒன்று, அது ஒன்று, இதில் இரண்டு என்று பத்துப் பன்னிரண்டு ஐட்டங்களை மளமளவென்று சொல்லி, மெனுவையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ரெடியாக ரெடியாக வந்துகொண்டே இருக்கும்" என்று சர்வர் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏற்பாடு முதலில் கிச்சனின் வசதிக்கு, உங்கள் வசதி அப்புறம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆர்டர் கணினியில் ஏறியதும், அடுப்பில்லாமல் தயாராகிற சாலட் பிரிவு, பொரிக்கும் பிரிவு, கிரில் என்று அந்தந்த இடத்தில் தனித்தனிச் சீட்டாக அச்சாகி வரும், சில இடங்களில் திரையில் தெரியும். ஹம்மூஸ் என்ற கொண்டைக்கடலை மசியல், சாலட், ஆலிவ் எல்லாம் ஏற்கனவே தயாராக இருப்பவை, கிண்ணத்தில் போட்டு மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டால் முடிந்தது, மூன்று நான்கு நிமிட வேலை. பொரித்தெடுப்பதற்கு அதைவிடக் கொஞ்சம் கூட. கிரில்லில் போடும் மீனுக்கு கால் மணி நேரம், எலும்போடு சுடும் இறைச்சி, முழுசாகச் சுட்ட காலிஃபிளவர் என்றால் அரை மணி நேரம்கூட ஆகலாம். ஆளுக்கு ஒரு தட்டு பரிமாறும் இடங்களில், இத்தனை வித்தியாசத்தையும் சரிக்கட்டி ஒரு டேபிளுக்கு எல்லாத் தட்டும் ஒன்றாகப் போய்ச்சேர வேண்டும் என்று உள்ளே ஒருவர் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஷேரிங் முறையில் அந்தத் தலைவலியில் பெரும்பகுதி இல்லை, முடிந்ததை முடிந்தபடி வெளியே தள்ளிவிடலாம். ஆகவே முதல் பத்து நிமிடத்தில் டேபிள் நிறையத் தட்டுகள் வந்து குவியும், அப்புறம் நீண்ட இடைவெளி, கடைசியில் எதற்காக அந்த இடத்தைத் தேடி வந்தீர்களோ அது வரும்போது வயிற்றில் இடம் இருக்காது.

சமீபத்தில் ஒரு புது இடத்தில் அப்படியே நடந்தது. ஆறு பேர், நான்கு பேருக்கே நெருக்கமான டேபிள். ஆர்டர் சொன்னவர் இந்த மாதிரி இடத்துக்கு முதல்முறை வருகிறவர், உற்சாகத்தில் இருந்தார், நான் வாயைத் திறப்பதற்குள் மெனு கை மாறிவிட்டது. தட்டுகள் வரத் தொடங்கியதும் தண்ணீர் பாட்டில் ஜன்னல் விளிம்புக்குப் போனது, செல்போன்கள் மடிக்கு வந்தன. வைக்க இடமில்லாமல் சர்வர் ஒரு தட்டின் விளிம்பை இன்னொரு தட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். சுட்ட கத்தரிக்காயில் இருந்து வழிந்த சாறு கீழே இருந்த குரோக்கெட்டுகளுக்குள், அதாவது பொரித்த உருண்டைகளுக்குள் இறங்க, மொறுமொறுப்பாக இருக்க வேண்டியவை அடிப்பக்கம் கூழாகிவிட்டன. எல்லோரும் வேகவேகமாகச் சாப்பிட்டார்கள், பசியால் அல்ல, தட்டைக் காலி செய்து இடம் பண்ணுவதற்காக. அந்த இடத்தின் பேரே மெதுவாக வேகவைத்த ஆட்டுத் தோள் இறைச்சியால்தான் பரவியிருந்தது. அது வந்தபோது ஆளுக்கு இரண்டு கீற்று எடுத்தோம், மீதி டப்பாவில் கட்டப்பட்டது. பில்லில் அதுதான் எல்லாவற்றையும்விட விலை அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த உணவகங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மூதாதையர்கள் யாருமே இப்படிச் சாப்பிடுவதில்லை. ஸ்பெயினில் தாப்பாஸ் என்ற சின்னத் தட்டுகள் என்றால் ஒரு பாரில் ஒன்றிரண்டு, அப்புறம் எழுந்து அடுத்த பார். அங்கேயே சான் செபாஸ்தியான் நகரத்துப் பக்கம், பல்குச்சி குத்தி வைக்கும் பின்ச்சோ என்ற சின்னத் தீனியைச் சாப்பிடுகிறவர்கள் கவுன்டர் முன்னால் நின்றபடி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள், பழைய வழக்கப்படி மிச்சமிருக்கும் பல்குச்சிகளை எண்ணித்தான் கணக்குப் பார்ப்பார்கள். குடித்துக்கொண்டே சாப்பிடும் கடையான ஜப்பானிய இசகாயாவில் முதலில் சட்டென்று வரக்கூடிய சின்னதாக ஏதாவது, பிறகு சுட்டவை, பொரித்தவை என்று இடைவெளி விட்டுச் சொல்லிக்கொண்டே போய், வயிறு கேட்டால் கடைசியில் சோறோ நூடுல்ஸோ. சான் பிரான்சிஸ்கோவில் 2011 கடைசியில் திறந்த ஸ்டேட் பேர்ட் புரொவிஷன்ஸ் என்ற உணவகம், சீனர்களின் டிம் சம் சிற்றுண்டிகளை வண்டியில் கொண்டுவரும் முறையையே கையில் எடுத்துக்கொண்டது, தட்டுகள் வண்டியிலும் தாம்பாளத்திலும் டேபிளுக்கு வரும், பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எங்கேயும் சாப்பிடச் சாப்பிடத்தான் முடிவெடுக்கிறார்கள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் முழு இரவுக்கும் சேர்த்து முடிவெடுக்கச் சொல்வது நம் புது உணவகங்கள் சேர்த்துக்கொண்ட பழக்கம்.

சரி, என்ன செய்வது? முதலில், எது அதிக நேரம் எடுக்கும் என்று சர்வரிடம் கேளுங்கள். அதை முதல் சுற்றிலேயே சொல்லிவிடுங்கள், கூடவே உடனே வரக்கூடிய இரண்டு, பொரித்தது ஒன்று, அவ்வளவுதான். மெனுவைக் கொடுக்காதீர்கள், "இன்னும் சொல்வோம், இது இருக்கட்டும்" என்றால் யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். முதல் சுற்றுத் தட்டுகள் பாதி காலியாகும்போதே அடுத்த சுற்றைச் சொல்லிவிட வேண்டும், முழுதாகக் காலியாகும் வரை காத்திருந்தால் கூட்ட நேரத்தில் இருபது நிமிடம் வெறும் டேபிளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவது சுற்று தேவைப்பட்டால் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. காசு மிச்சமாவது அங்கேதான்.

சில இடங்களில் முழு ஆர்டரையும் முதலிலேயே கொடுத்தாக வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். டேபிள் ஒன்றரை மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோதான் என்று முன்பதிவிலேயே சொல்லியிருக்கும் இடங்களில் இது சகஜம், அடுத்த ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், அவர்கள் அவசரமும் புரிகிறது. அங்கே சண்டை போடாதீர்கள். முழு ஆர்டரையும் கொடுத்துவிட்டு, எது முன்னால் வர வேண்டும், எது அப்புறம், ஒரு நேரத்தில் மூன்று தட்டுக்கு மேல் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். நல்ல சர்வர் நீங்கள் கேட்காமலேயே செய்வார், அப்படி ஒருவர் கிடைத்தால் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர், மூன்று துண்டு

எத்தனை துண்டு வரும் என்று கேட்காமல் டம்ப்ளிங் சொல்லாதீர்கள். நான்கு பேர் இருந்தால் நான்காவதாக ஒன்று சேர்த்துப் போடச் சொல்லலாம், அந்த ஒன்றுக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. அளவைப் பற்றிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஸ்பெயினில் பல இடங்களில் ஒரே உணவைத் தாப்பா (சின்ன அளவு), அரை ரசியோன் (அரைத் தட்டு), முழு ரசியோன் (முழுத் தட்டு) என்று அளவு போட்டே விற்கிறார்கள்.

சைவக்காரரை மறந்துவிடுவது

கூட்டத்தில் ஒருவர் மட்டும் சைவம் என்றால், அவருக்காக மூன்று சைவத் தட்டு சொல்லிவிட்டோமே என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்த மூன்றிலும் எல்லோர் கையும் போகும், மற்ற தட்டுகளில் அவர் கை மட்டும் போகாது. கடைசியில் அரைப் பசியில் எழுந்து போகிறவர் அவராகத்தான் இருப்பார், பில்லில் சம பங்கும் கொடுத்திருப்பார். அவருக்கென்று ஒரு தட்டைத் தனியாக, அவர் முன்னாலேயே வைத்துவிடுங்கள். அப்புறம், பொரித்த சைவ ஐட்டம் எந்த எண்ணெயில் பொரிக்கப்படுகிறது என்றும் கேட்க வேண்டும், இறால் பொரித்த அதே சட்டியாக இருக்கலாம். இறாலோ கடலையோ ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால், இதை ஆர்டருக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், நடுவில் அல்ல. ஒரே கரண்டி எல்லாத் தட்டுக்குள்ளும் போய்வரும் டேபிள் இது.

ரொட்டி

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சாறுள்ள தட்டுகள் வரட்டும், அப்போது கேளுங்கள்.

படம்

ஒரு போட்டோ போதும். சாப்பாடு ஆறுகிறது.

பில்லைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று விடுவது

யார் எத்தனை துண்டு சாப்பிட்டார்கள் என்று இந்த மாதிரி இடத்தில் யாராலும் கணக்கு வைக்க முடியாது, முயற்சி செய்தால் நட்பு கெடும். சமமாகப் பிரிப்பதுதான் வழி, ஆனால் அதை ஆர்டருக்கு முன்னால் பேசிவிடுங்கள். பணம் பார்த்துச் செலவு செய்ய வேண்டியவர் இருந்தால், எவ்வளவுக்குள் முடிக்கலாம் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவரும் மெனுவைப் பார்த்து மனதுக்குள் கூட்டல் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மது குடித்தவர்கள் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள், பெரிய வித்தியாசம் வருவது அதில்தான். தாமதமாக வந்தவருக்கு இரண்டாம் சுற்று மட்டும். டிப்ஸ் வைப்பதற்கு முன்னால் சர்வீஸ் சார்ஜ் ஏற்கனவே சேர்ந்திருக்கிறதா என்று பில்லின் அடியில் பாருங்கள், ஆட்கள் அதிகமானால் தானாகவே சேர்த்துவிடும் இடங்கள் உண்டு.